கீழாநெல்லி எத்தனை நெல்லி? செடிகளை அடையாளம் காண்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

சந்தையில் கீழாநெல்லி என்று ஒரு கட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று வகைச் செடிகள். ஒன்று வெளிர்பச்சைத் தண்டுடன் மெலிந்து நின்றது. இன்னொன்றின் தண்டில் லேசான சிவப்பு ஓடியது. மூன்றாவதன் இலை நுனிப்பக்கம் அகன்று, அடிப்பக்கம் ஆப்பு மாதிரி குறுகியிருந்தது. மறுவாரம் அந்த அம்மாவிடம் கேட்டேன். "எல்லாம் கீழாநெல்லிதான் தம்பி, இலைக்குக் கீழே காய் இருக்கா, பாரு" என்றார். பார்த்தேன், இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் வைத்திருக்கும் விதிப்படி மூன்றும் கீழாநெல்லிதான். தாவரவியலின் விதிப்படி மூன்றும் வேறு. இரண்டு விதிகளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். செடி அடையாளம் காண்பது பற்றி ஏகப்பட்ட பேச்சு நடக்கிறது. குடும்பக் குழுவில் ஒரு இலையைப் படம் பிடித்துப் போட்டால் பத்து நிமிடத்தில் ஆறு பெயர் வந்துவிடும். அந்த ஆறில் எது சரி, சரி என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மூன்று வேலைகள், ஒரே பேச்சு

நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் மூன்று வேலைகளை முதலில் பிரித்து வைத்துவிடலாம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வகுப்புகளாகவும் பிரிவுகளாகவும் பிரிப்பது ஒரு வேலை. ஒரு பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டில் என்ன பெயர் எழுதுவது, ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது என்று முடிவு செய்வது வேறு வேலை. மைதானத்தில் அழுதுகொண்டு நிற்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து, இது எந்த வகுப்புப் பிள்ளை என்று கண்டுபிடிப்பது மூன்றாவது வேலை.

செடிகளிலும் அப்படித்தான். எதை எதோடு சேர்த்து வைப்பது என்று தீர்மானிப்பது வகைப்பாடு. சேர்த்து வைத்த ஒவ்வொன்றுக்கும் விதிப்படி பெயர் வைப்பது பெயரிடல். கையில் இருக்கும் செடி ஏற்கெனவே தெரிந்தவற்றில் எது என்று ஒப்பிட்டுச் சொல்வது அடையாளம் காணல். குடும்பக் குழுவில் நடப்பது மூன்றாவது வேலை. ஆனால் முதல் இரண்டும் எப்படி நடக்கின்றன என்று தெரியாமல் மூன்றாவதைச் செய்யப் போனால் அது வெறும் யூகம்தான்.

சீருடை வேறு, சொந்தம் வேறு

மளிகைக் கடையில் மிளகாயும் மல்லியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் குழம்புக்குப் போகிறவை. நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்கு ஒரு தட்டு, வயிற்றுக்கு ஒரு தட்டு. இதுவும் வகைப்பாடுதான், பயனை வைத்துச் செய்த வகைப்பாடு. தாவரவியல் பார்ப்பது பயனை அல்ல, சொந்தத்தை. ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை எவை என்பதுதான் கேள்வி. பங்காளிகளைக் கண்டுபிடிக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பங்காளிகளைக் கண்டுபிடிக்க வெளித்தோற்றம் மட்டும் போதாது. ஒரே சீருடை போட்ட பிள்ளைகள் எல்லாம் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள். நெருஞ்சிலையும் ஆனைநெருஞ்சிலையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் மஞ்சள் பூ, இரண்டுக்கும் காலைக் குத்தும் முள் காய். "ஆனை" என்று சேர்த்துச் சொல்வதால் இது பெரிய நெருஞ்சில், அது சின்ன நெருஞ்சில் என்றுதான் தோன்றும். கிட்டப் போய்ப் பாருங்கள். நெருஞ்சில் தரையோடு படர்கிறது. அதன் இலை சிறு சிறு துண்டுகள் இணை இணையாக அடுக்கிய இலை. பூவில் ஐந்து இதழும் தனித்தனி. காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஆனைநெருஞ்சில் நிமிர்ந்து நிற்கும். இலை பிளவுபடாத சதைப்பற்றான ஒற்றை இலை. பூ குழல் மாதிரி இருக்கும். காய்க்கு நான்கு மூலை, மூலைக்கொரு முள். அதன் இலையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். இது எள்ளின் பங்காளி. நெருஞ்சிலோடு கிட்டத்துச் சொந்தம் கிடையாது. ஆட்டின் காலிலும் மனிதன் காலிலும் குத்தி ஊர் விட்டு ஊர் போகும் தந்திரத்தை இரண்டும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

சீமைக்கருவேலும் அப்படி ஒரு பெயர். கருவேலுக்குப் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை போல இடையிடையே இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலுக்குப் பூ நீண்ட கதிர், காய் இடுங்காமல் நீளும். இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதிலும் ஒரே பெரிய கிளைதான், ஆனால் பெயர் சொல்கிற அளவுக்கு நெருக்கமில்லை.

அதற்காக ஊர்ப்பெயர்களைக் கேலி செய்யவும் வேண்டாம். கருவேல், வெள்வேல், குடைவேல் என்று மூன்று மரத்துக்குப் பொதுவாக "வேல்" வைத்து, முன்னால் ஒரு அடைமொழி போட்டவர்கள் சொந்தத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். கீழாநெல்லி என்ற பெயரோ இன்னும் ஆச்சரியம். முழங்கால் உயரம்கூட வராத செடியை நெல்லி மரத்தோடு சேர்த்தது யாரென்று தெரியாது. ஆனால் தாவரவியலும் நெடுங்காலமாக இரண்டையும் ஒரே வீட்டில்தான் வைத்திருக்கிறது.

இந்த "வீடு" என்பதற்குச் சில சொற்கள் உண்டு. தங்களுக்குள் ஒத்து, மற்றவற்றிலிருந்து நிலையாக வேறுபட்டு, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் செடிக்கூட்டம் சிற்றினம். நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்தது பேரினம். நெருங்கிய பேரினங்கள் சேர்ந்தது குடும்பம். இதற்கு மேலும் படிகள் உண்டு. தொடக்கத்தில் இந்த மூன்று போதும்.

குடும்பம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் அனுபவம். தண்டு சதுரம், இலைகள் எதிரெதிர், பூ உதடு பிளந்தது போல் இருந்தால் துளசி, தும்பை, கற்பூரவல்லிக் குடும்பமாக இருக்கலாம். மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒட்டி ஒரு குழலாகி, நடுவில் சூலகத் தண்டு எட்டிப் பார்த்தால் செம்பருத்தி, பருத்தி, வெண்டை, துத்தி. ஒரு பூ என்று நாம் நினைப்பது உண்மையில் நூறு குட்டிப்பூக்கள் சேர்ந்த கொத்தாக இருந்தால் சூரியகாந்தி, வெட்டுக்காயப்பூண்டு, கரிசலாங்கண்ணி. ஆனால் ஒரே ஒரு அடையாளத்தை நம்பிவிடக் கூடாது. பிரண்டைக்கும் தண்டு சதுரம்தான். அது திராட்சைக் குடும்பம்.

சொந்தம் பற்றிய தீர்ப்பு மாறவும் செய்யும். 1990-களில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வந்த பிறகு, தோற்றத்தை வைத்துப் பிரித்த பல குடும்பங்கள் கலைந்து சேர்ந்தன. எருக்கு தனிக் குடும்பத்திலிருந்து அரளிக் குடும்பத்துக்குப் போனது. தேக்கும் நொச்சியும் இப்போது துளசியின் உறவுக்காரர்கள். பழைய புத்தகத்தில் ஒன்று, புதிய புத்தகத்தில் ஒன்று என்று இருந்தால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சான்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: வகைப்பாடு பயனையோ பார்வைச் சாயலையோ வைத்து அல்ல, சொந்தத்தை வைத்து நடக்கிறது. சொந்தத்தை ஊகிக்க இலையை விடப் பூவும் காயும் நம்பகமானவை. ஏன் என்று கீழாநெல்லியை வைத்தே பார்த்துவிடலாம்.

இலை ஏமாற்றும்

கீழாநெல்லியின் ஒரு கொப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மெல்லிய ஈர்க்கு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலைகள். புளிய இலை மாதிரியே இருக்கும். புளிய இலை என்பது கூட்டிலை, அதாவது ஒரே இலை பல துண்டுகளாகப் பிரிந்தது. துண்டுகளுக்குச் சிற்றிலை என்று பெயர். வேப்பிலையும் அப்படித்தான். நாம் ஒரு வேப்பிலை என்று கிள்ளுவது உண்மையில் ஒரு இலையின் ஒரு துண்டு.

அப்படியானால் கீழாநெல்லியும் கூட்டிலையா? பார்த்தால் ஆமாம் என்று தோன்றும். இல்லை என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது.

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மேல்பக்கம் ஒரு இடுக்கு இருக்கும். மனிதனின் அக்குள் மாதிரி. இதைக் கக்கம் என்பார்கள். மொட்டோ, பூவோ, புதிய கிளையோ பொதுவாக இந்த இடுக்கிலிருந்துதான் வரும். இலை என்றால் அதற்கொரு கக்கம் உண்டு. சிற்றிலைக்கு அது கிடையாது, ஏனென்றால் அது இலையின் பகுதிதான். வேப்பம்பூங்கொத்து எங்கிருந்து புறப்படுகிறது என்று பங்குனியில் பாருங்கள். முழுக் கூட்டிலையின் அடியிலிருந்து வரும். தனித்தனிச் சிற்றிலையின் அடியிலிருந்து ஒருபோதும் வராது.

இப்போது கீழாநெல்லியைத் திருப்பிப் போடுங்கள். ஒவ்வொரு குட்டி இலையின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்குகிறது. ஆக அந்தக் குட்டி இலை ஒவ்வொன்றும் முழு இலை. நாம் கூட்டிலை என்று நினைத்தது ஒரு கிளை. நடுத்தண்டைப் பாருங்கள், அதில் சரியான இலையே இல்லை. செதில் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். இலைகளையெல்லாம் பக்கக் கிளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் கிளைகளையே இலை மாதிரி வேடம் போட வைத்திருக்கிறது இந்தச் செடி. நெல்லி மரத்திலும் இதே வேடம்தான். நெல்லி இலை என்று நாம் ஒடிப்பதும் சிறுகிளைதான். இரண்டுக்கும் ஒரே பெயரை நம் முன்னோர் சூட்டியதற்கு இந்த ஒற்றுமைகூடக் காரணமாக இருந்திருக்கலாம்.

சந்தைக் கட்டில் இருந்த மூன்றுக்கும் இனி வருவோம். ஆப்பு இலைக்காரன் முதலில் கழன்றுகொள்வான். அவனுக்கு நடுத்தண்டிலேயே இலை உண்டு, இந்த வேடம் கிடையாது. ஊரில் சிலர் மேலாநெல்லி என்பார்கள். தாவரவியல் பெயர் ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ். முதல் சொல் பேரினத்தைக் காட்டும், இரண்டாவது சிற்றினத்தை. அந்த இரண்டாவது சொல்லுக்கு மதராசப்பட்டினத்துச் செடி என்று அர்த்தம். 1753-இல் சுவீடனில் இருந்துகொண்டு, இப்படி இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் வழக்கத்தை நிலைநாட்டிய லின்னேயஸ் இந்தப் பெயரை வைத்தார்.

மீதி இரண்டுக்கும் காயைப் பார்க்க வேண்டும். ஒன்றில் காய் வழவழப்பாக, ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது. இது ஃபில்லாந்தஸ் அமரஸ். தமிழ்நாட்டுச் சமவெளியில் கீழாநெல்லி என்று பெரும்பாலும் பறிப்பது இதைத்தான். சிவப்புத் தண்டுக்காரனின் காய்க்குக் காம்பே இல்லை என்று சொல்லலாம், கிளையோடு ஒட்டிக்கொண்டு, மேலே சொரசொரப்பாக இருக்கும். இது ஃபில்லாந்தஸ் உரினாரியா. இன்னும் சந்தேகம் என்றால் விதையைப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்சில் பாருங்கள். அமரஸின் விதையில் வரிகள் நீளவாக்கில் ஓடும். உரினாரியாவின் விதையில் குறுக்குவாக்கில் ஓடும். இதை முதல்முறை பார்த்தபோது எனக்கு நியாயமில்லாத அளவுக்கு சந்தோஷமாக இருந்தது.

இந்தக் கலப்பு சந்தையோடு முடியும் விஷயம் அல்ல. தென்னிந்திய மூலிகை வணிகத்தில் கீழாநெல்லி என்று விற்கும் சரக்கில் வேறு ஃபில்லாந்தஸ் சிற்றினங்கள் கலந்திருப்பது மரபணுச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. உள்ளே இருக்கும் வேதிப்பொருள்கள் சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடும். எது எது என்று பிரிப்பது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை.

சுருக்கமாக: இலையின் வடிவம் வெயிலுக்கும் நிழலுக்கும் ஏற்ப மாறும். எந்த உறுப்பு எங்கிருந்து முளைக்கிறது, பூவும் காயும் விதையும் எப்படி அமைந்திருக்கின்றன என்பவை அவ்வளவு சுலபத்தில் மாறாது. அடையாளம் காண்பவர் தேடுவது அந்த மாறாத விஷயங்களை.

விசாரித்து வீடு கண்டுபிடிக்கிற முறை

தெரியாத ஊரில் ஒருவர் வீட்டைத் தேடிப் போகிறோம். "கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" இந்தப் பக்கம். "மாடி வீடா, ஓட்டு வீடா?" ஓட்டு வீடு. "வாசலில் வேப்பமரமா, முருங்கையா?" ஒவ்வொரு பதிலும் ஊரில் பாதியைக் கழித்துவிடும். ஐந்தாறு கேள்வியில் வாசலில் நிற்போம்.

செடிக்கும் இதே மாதிரி கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டே தேர்வு. இதற்குத் திறவுகோல் என்று பெயர். சற்று முன் நாம் செய்ததே ஒரு குட்டித் திறவுகோல்தான். நடுத்தண்டில் இலை உண்டா, இல்லையா? இல்லையென்றால், காய்க்குக் காம்பு உண்டா, இல்லையா?

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். திறவுகோல் தன்னிடம் உள்ள செடிகளுக்கு மட்டுமே பொருந்தும். நம் குட்டித் திறவுகோலில் நான்காவதாக ஒரு ஃபில்லாந்தஸைக் கொடுத்தாலும் அது "தெரியாது" என்று சொல்லாது. மூன்றில் ஏதோ ஒன்றின் பெயரைக் கூசாமல் சொல்லிவிடும். பக்கத்து ஊர்க்காரரின் வீட்டை இந்த ஊரில் தேடினாலும் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தானே போய் நிற்போம்!

அதனால்தான் ஒரு வட்டாரத்துக்கென்று எழுதிய புத்தகம் முக்கியம். உலகில் பூக்கும் தாவரங்கள் சுமார் 3.5 லட்சம். தமிழ்நாட்டில் 5,000-க்கும் மேல். ஒரு மாவட்டத்தில் அதில் ஒரு பகுதிதான். ஒரு நிலப்பரப்பில் இயற்கையாக வளரும் செடிகள் அனைத்தையும் பட்டியலிட்டு, திறவுகோலும் விவரிப்பும் கொடுக்கும் நூலை ஃப்ளோரா என்பார்கள். தமிழில் தாவரத்தொகுதி என்று சொல்லலாம்.

நம் பக்கத்துக்கு நல்ல தொகுதிகள் இருக்கின்றன. ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹூக்கர் தலைமையில் 1872 முதல் 1897 வரை ஏழு பாகங்களாக வந்தது பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்குமான ஃப்ளோரா. அவ்வளவு பெரிய நிலத்துக்கு ஒரே புத்தகம் என்றால் ஒரு மாவட்டக்காரர் அதில் தேடி முடிப்பது கஷ்டம். பிறகு வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கேம்பிள், சென்னை மாகாணத்துக்கென்று தனியாகத் தொடங்கினார். 1915-இல் முதல் பகுதி வந்தது. முடிவதற்குள் அவர் இறந்துவிட, ஃபிஷர் 1936-இல் முடித்துவைத்தார். தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் கிழக்குக் குன்றுகளுக்கும் இன்று முதலில் புரட்ட வேண்டியது, திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியத்தை (உலர்ந்த செடிகளின் காப்பகம்) உருவாக்கிய பாதிரியார் கே. எம். மேத்யூவின் தமிழ்நாடு கர்நாடிக் ஃப்ளோரா. 1981 முதல் 1988 வரை வெளிவந்தது. படங்களுக்கென்றே அதில் தனிப் பாகங்கள் உண்டு.

புகைப்படம் இருக்கும்போது கோட்டோவியம் எதற்கு என்று கேட்கலாம். புகைப்படம் ஒரு செடியை ஒரு பக்கத்திலிருந்து ஒரு நொடியில் காட்டுகிறது. ஓவியர் பூவைப் பிளந்து உள்ளே இருப்பதையும், காயை அறுத்த குறுக்குவெட்டையும், விதையையும் ஒரே தாளில் கொண்டுவருவார். 19-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்தில் இருந்த ராபர்ட் வைட் 2,000-க்கும் மேற்பட்ட தாவரப் படங்களை வெளியிட்டார். அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். தாவரவியல் வரலாறு எழுதுகிறவர்கள் வைட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த இருவரின் வாழ்க்கை பற்றி அதில் எவ்வளவு என்று தேடிப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

கோயில் சுவரில் வெட்டிய கோல்

பழைய கோயில்கள் சிலவற்றின் சுவரில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள். வயல் அளப்பதில் தகராறு வந்தால் உன் கோலும் வேண்டாம், என் கோலும் வேண்டாம், இந்தக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று முடிப்பதற்கு.

தாவரப் பெயர்களுக்கும் அப்படி ஒரு கல் உண்டு. ஒரு சிற்றினத்துக்கு முதன்முதலில் பெயர் வைக்கும்போது, இந்தப் பெயர் இந்தச் செடிக்கு உரியது என்று ஒரு குறிப்பிட்ட மாதிரியைக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அது காய வைத்து அட்டையில் ஒட்டிய ஒரு செடி. அதற்கு மூல மாதிரி என்று பெயர். பின்னால் எத்தனை பேர் எத்தனை விதமாக அந்தப் பெயரைப் பயன்படுத்தினாலும், சண்டை வந்தால் அந்த அட்டையிடம்தான் போக வேண்டும். அது அந்தச் சிற்றினத்திலேயே அழகான செடியாகவோ சராசரியான செடியாகவோ இருக்க வேண்டியதில்லை. பெயரை மாட்டும் ஆணி அது, அவ்வளவே.

நம் கீழாநெல்லியே இந்த ஆணியில் ஒருமுறை சிக்கியது. பழைய மூலிகைப் புத்தகங்களில் கீழாநெல்லிக்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்று பெயர் போட்டிருக்கும். இன்றும் பல புட்டிகளின் மேல் அதுதான் இருக்கிறது. லின்னேயஸ் வைத்த அந்தப் பெயர் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த வேறொரு செடிக்கு உரியது. அதைப் போலவே தோன்றியதால் நம் செடிக்கும் அதே பெயரைப் போட்டுவிட்டார்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்த்து, நம்முடையது 1827-இல் பெயர் பெற்ற அமரஸ் என்று முடிவானது. செடி மாறவில்லை, தவறான ஆணியில் மாட்டியிருந்த பெயரைக் கழற்றிச் சரியானதை மாட்டினார்கள்.

கருவேலின் கதை இதைவிட வேடிக்கை. அதற்கு அகேசியா என்று பெயர் இருந்தது. அகேசியா என்ற பேரினத்துக்கே மூல ஆணி நம் கருவேலாகத்தான் இருந்தது. பிற்காலத்தில் அகேசியா என்பது ஒரே வம்சம் அல்ல, பல வம்சங்களின் கலவை என்று தெரிந்தது. பிரிக்க வேண்டும். விதிப்படி கருவேல் இருக்கும் பக்கத்துக்கே அகேசியா என்ற பெயர் போக வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியப் பக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் சிற்றினங்கள் இருந்தன, எல்லாவற்றுக்கும் பெயர் மாற்ற வேண்டியிருக்கும். 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் ஆணியையே பிடுங்கி ஓர் ஆஸ்திரேலியச் சிற்றினத்தில் அடிப்பது என்ற முடிவு ஏற்கப்பட்டது. பெரிய சண்டை. 2011-இல் மெல்பர்னில் அது உறுதியானது. கருவேல் இப்போது வாச்செல்லியா நிலோட்டிகா. சீமைக்கருவேலும் 2022-க்குப் பிறகு புரோசோபிஸ் இல்லை, நெல்டுமா என்கிறார்கள். சொந்தத்தைக் கண்டுபிடிப்பது அறிவியல், பெயரை யார் வைத்துக்கொள்வது என்பது சட்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அதில் அரசியலும் கொஞ்சம் உண்டு என்பது என் எண்ணம்.

செய்தித்தாளுக்குள் ஒரு செடி

மூல மாதிரியும் மற்ற மாதிரிகளும் இருக்கும் இடம் ஹெர்பேரியம். உலர்தாவரக் காப்பகம் என்று சொல்லலாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்வட்டார மையத்தில் இருக்கும் சென்னை ஹெர்பேரியம், பெயரில் மட்டும் சென்னையை வைத்துக்கொண்டிருக்கிறது.

மாதிரி செய்வது கஷ்டமான வேலை அல்ல. பூவும் காயும் இருக்கும் கொப்பு, சிறு செடியென்றால் வேரோடு. செய்தித்தாள் மடிப்புக்குள் பரப்பி, ஒரு இலையையாவது புரட்டி வைத்து (அடிப்பக்கமும் தெரிய வேண்டும்), கனமான எதையாவது ஏற்றி, ஈரம் போகும்வரை தினம் தாள் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும், ஐப்பசியில் எனக்கு ஒரு கட்டு முழுதும் அப்படிப் போயிருக்கிறது. காய்ந்த பின் சுமார் 42-க்கு 28 சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டுவார்கள்.

செடியை விட முக்கியமானது கூடவே எழுதும் சீட்டு. காய்ந்தால் எவை போய்விடுமோ அவற்றை எழுத வேண்டும். பூவின் நிறம், மணம், ஒடித்தால் பால் வந்ததா, எவ்வளவு உயரம், வயல் வரப்பா பாறை இடுக்கா, எந்த ஊர், எந்தத் தேதி. சீட்டில்லாத மாதிரி வெறும் சருகு. ஐம்பது வருடம் கழித்து ஒருவர் வந்து "இந்தக் குளத்தில் அப்போது இந்தச் செடி இருந்ததா?" என்று கேட்டால் பதில் சொல்லப் போவது அந்தச் சீட்டுதான்.

காட்டில் இருப்பதெல்லாம் நம்மூர்ச் செடியா?

தானாக முளைக்கிறது, ஊர்ப்பெயர் இருக்கிறது, பாட்டி வைத்தியத்தில் இருக்கிறது, அதனால் நம்மூர்ச் செடி என்று முடிவு கட்டிவிடுகிறோம். தொட்டாற்சிணுங்கி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. காயத்தில் கசக்கி வைக்கும் வெட்டுக்காயப்பூண்டும் அங்கிருந்துதான். பிரம்மதண்டு என்று வேதகாலத்துப் பெயர் வைத்திருப்பது மெக்சிகோச் செடி. ஒரு இடத்தில் மனிதன் கொண்டுவராமலே இருப்பது இயல்தாவரம். வெளியிலிருந்து வந்து தானே பெருகிக் குடியேறிவிட்டது குடியேறிய தாவரம். அதில் மற்றவற்றுக்கு இடமில்லாமல் அடைத்துக்கொள்பவை ஆக்கிரமிப்புத் தாவரங்கள். உன்னிச்செடியும் பார்த்தீனியமும் எல்லாருக்கும் தெரிந்தவை.

கைப்பேசி சொல்லும் பெயர்

படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகளை நான் பயன்படுத்துகிறேன், குற்றம் சொல்ல மாட்டேன். குடும்பத்தையும் பேரினத்தையும் பல நேரம் சரியாகப் பிடித்துவிடுகின்றன. ஆனால் அவை பார்ப்பது படத்தை, கக்கத்தையும் விதை வரியையும் அல்ல. நீங்கள் இலையை மட்டும் காட்டினால் இலையை வைத்துத்தான் பேசும். செயலி தரும் பெயரை விசாரணையின் தொடக்கமாக வைத்துக்கொண்டு, வட்டாரத் தொகுதியில் விவரிப்பைப் படித்து ஒவ்வொரு வரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வாயில் போடும் விஷயம் என்றால் செயலியை நம்பவே வேண்டாம். மாநில மலரான செங்காந்தளை இலைநுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டிருப்பதை வைத்துக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். ஆனால் கொடி காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணில் இருக்கும்போது அந்த அடையாளம் இருக்காது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அதைத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு.

தொடங்க நினைத்தால்

மலையேற வேண்டாம். தெருமுனையில் இருக்கும் காலி மனை போதும். அனுமதி கேட்கவும் அங்கே சுலபம். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதியில்லாமல் ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. ஒரு கைலென்ஸ், ஒரு நோட்டு, பழைய செய்தித்தாள். புரட்டாசி மழைக்குப் பின் தொடங்கினால் தை வரை ஓயாமல் ஏதாவது பூத்துக்கொண்டிருக்கும். அதே மனையைச் சித்திரையிலும் போய்ப் பாருங்கள், பாதிச் செடிகள் காணாமல் போய், நீங்கள் இல்லை என்று நினைத்தவை எழுந்து நிற்கும்.

முதல் மாதம் பெயரே தேட வேண்டாம் என்பது என் யோசனை. இலை எதிரெதிரா, மாறி மாறியா? பால் உண்டா? பூவில் எத்தனை இதழ், தனித்தனியா ஒட்டியா? மகரந்தத் தாள் எத்தனை? காய் வெடிக்கிறதா, உடைகிறதா, அப்படியே உதிர்கிறதா? இவற்றை எழுதிப் பழகினால் திறவுகோல் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் நோட்டிலேயே இருக்கும்.

தெரியவில்லை என்று எழுதுவதில் வெட்கமும் வேண்டாம். என் கட்டில் ஒரு செய்தித்தாள் மடிப்பு மூன்று வருடமாகக் கிடக்கிறது. உள்ளே கண்மாய்க்கரையில் எடுத்த ஒரு சிறு செடி. சீட்டில் எழுதியிருப்பது: "ஃபில்லாந்தஸ். சிற்றினம் தெரியவில்லை. நடுத்தண்டில் இலை இல்லை. காய் வழவழப்பு, காம்பு உண்டு, ஆனால் அமரஸ் மாதிரி தோன்றவில்லை. விதை முற்றவில்லை. கார்த்திகையில் திரும்பப் போக வேண்டும்."